கால்மணிக்கு ஒரு கட்டம்

நாற்பத்தேழு வயதில் நான் மறுபடி படிக்கப் போனதற்குக் காரணம் கோபம்தான். விண்ணப்பத்தில் தலைமைப் பண்பு, சமூகத் தொண்டு என்று என்னென்னவோ எழுதினேன். எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள். உண்மை வேறு. டோர்ன்பர்க் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் இருபத்தொரு வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டேன். எங்கள் ஷிஃப்ட்டை மாற்றுவது, ஆளைக் குறைப்பது, கட்டிலைத் தூக்குவது எல்லாம் கீழ்த்தளத்தில் ஆஸ்பத்திரி போர்டு கூடுகிற, நீள மேஜை போட்ட ஓர் அறைக்குள் முடிவாகும். அந்த மேஜையைச் சுற்றி விதை வியாபாரி இருப்பார், வக்கீல் இருப்பார், பாதிரியார்கூட இருப்பார். பிள்ளையின் தலை வெளியே வருவதைக் கையில் வாங்கிய ஒருத்தி அங்கே ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எங்களில் ஒருத்தி உள்ளே போனால்தான் சரிப்படும் என்று தீர்மானித்து, செவிலியர் நிர்வாகத்தில் முதுகலைக்குச் சேர்ந்தேன்.

"பட்டம் வாங்கி என்னடி பண்ணப்போறே?" என்றார் என் வீட்டுக்காரர் கர்ட். "ஆயிரம் ஏக்கர் சூரியகாந்தி வெச்சிருக்கேன், அது எந்த நிர்வாகமும் இல்லாம தானா வளருது."

"அதுக்கு வாய் இருந்தா தெரியும் உங்க லட்சணம்," என்றேன்.

இரண்டு வருடம் லேப்டாப் வழியாகவே பாடம் ஓடியது. பல்கலைக்கழகத்தை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. கடைசிப் பருவத்தில்தான் செய்முறைப் பயிற்சி. நிர்வாகப் பதவியில் இருக்கும் ஒரு நர்ஸின் பக்கத்தில் இருநூறு மணி நேரம் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம், என்ன கற்றுக்கொண்டாய் என்று பதிவேட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கூடவே உருப்படியாக ஓர் ஆய்வு செய்து வகுப்பில் சொல்ல வேண்டும். வழிகாட்டிக்கு முதுகலைப் பட்டம் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரிலிருந்து மைனாட் நகரம் வரை தொண்ணூறு மைலுக்கு அப்படிப்பட்ட ஆள் ஒரே ஒருத்திதான். எங்கள் ஆஸ்பத்திரியின் தலைமைச் செவிலியர் அதிகாரி பிரின் சாண்ட்விக்.

பிரினுக்கு முப்பத்திநாலு வயது. ஃபார்கோ நகரத்திலிருந்து வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் இந்தக் கதை எனக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பொது வார்டுக்கு ஆள் வராவிட்டால் அவளே சீருடை மாட்டிக்கொண்டு வந்து பெட்பேன் கழுவுவாள். அதை நானே பார்த்திருக்கிறேன்.

செப்டம்பரில் பயிற்சியின் முதல் நாளே கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"ஜோலின், மறைச்சு என்ன ஆகப்போகுது. நவம்பர் கடைசியில போர்டு மீட்டிங். பிரசவ வார்டு இருக்கணுமா வேணாமான்னு ஓட்டுக்கு வருது."

"வருஷா வருஷம் வர்ற வதந்திதானே?"

"இந்த வருஷம் வதந்தி இல்ல."

நாலு கட்டில், ஆறு நர்ஸ், போன வருடம் எழுபத்தெட்டுப் பிரசவம். வார்டை மூடினால் இந்த மாவட்டத்துப் பெண்கள் வலி எடுத்த பிறகு தொண்ணூறு மைல் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஜனவரியில் அந்தச் சாலையில் மில்க் லாரிகூடப் போகாது.

"என் ஆய்வு இதுதான்," என்றேன் அங்கேயே. "வார்டு ஏன் வேணும்னு எண்ணிக்கையோட காட்டறேன்."

பிரின் பேனாவை எடுத்துப் பதிவேட்டில் குறித்துக்கொண்டாள். "பண்ணுங்க," என்றாள். "எனக்கும் சரியான எண்ணிக்கை வேணும்."

எங்கள் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லியாக வேண்டும். பிரசவ வார்டில் கட்டில் காலியாக இருந்தால் எங்களில் யாரும் உட்கார மாட்டோம். ஒருத்தி போன் பக்கத்தில் இருப்பாள். மற்றவள் "கை கொடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடைபாதையில் நடந்துவிடுவாள். பொது வார்டில் கிழவர் ஒருவரைத் திருப்பிப் படுக்கவைப்பாள், எமர்ஜென்சியில் நரம்பு கிடைக்காத கைக்கு ஊசி குத்துவாள், ஒட்டினாற்போல் இருக்கும் முதியோர் பிரிவில் மத்தியானச் சாப்பாடு ஊட்டுவாள். விதிப்படி பார்த்தால் வார்டு மாறும்போதெல்லாம் வருகைப் பொறியில் அந்த வார்டின் எண்ணை அமுக்க வேண்டும். ஒருத்தியும் அமுக்கியதில்லை. அரை மணி உதவியைப் போய் யார் பதிவு செய்வது? பக்கத்து வீட்டு வாசலில் பனி தள்ளிக் கொடுத்தால் அதை வாய்விட்டுச் சொல்வதே அசிங்கம் என்று நினைக்கிற ஊர் இது.

அதனால் கம்ப்யூட்டருக்கு எங்கள் வேலை தெரியாது. அது நோயாளிகளை எண்ணுவது நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் கட்டிலில் படுத்திருப்பவள் மட்டும்தான் கணக்கு. காலையில் வலி என்று வந்து, ஆறு மணி நேரம் நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்து, பொய்வலி என்று சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிய பெண் கணக்கில் இல்லை. காகிதத்தில் பார்த்தால் ஆறு பெண்கள் காலிக் கட்டிலுக்குக் காவல் இருக்கிறோம். போர்டு பார்ப்பது அந்தக் காகிதத்தைத்தான். நாங்கள் உண்மையில் என்ன செய்கிறோம் என்பதை எழுத்தில் காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன். இந்த ஆஸ்பத்திரியே எங்கள் கையால்தான் ஓடுகிறது என்று அந்த மேஜைக்குத் தெரிந்துவிடும், பிறகு எவன் மூடுவான் என்று நினைத்தேன். அவ்வளவு நம்பிக்கை. இப்போது நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தாள் தயாரித்தேன். கால்மணிக்கு ஒரு கட்டம், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டுக்கு நாற்பத்தெட்டுக் கட்டம், பதினான்கு நாள். முதலில் ரினேவிடம் கொண்டுபோனேன். ரினே போஷும் நானும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என் பையன் டைலர் பிறந்தபோது வாங்கிய கை அவளுடையது. வார்டில் அவள் சரி என்றால் மற்ற நாலு பேரும் சரி என்பார்கள்.

"என்னடி இது, ஸ்கூல் டைம்டேபிள் மாதிரி?" என்றாள்.

"அந்தக் கால்மணில என்ன பண்ணினியோ அதை எழுதணும். அவ்வளவுதான்."

"பாத்ரூம் போனா?"

"அதுக்கும் ஒரு குறி இருக்கு."

"கர்மம்!" தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஜோலின், மேல இருக்கறவங்களுக்கு நான் எழுத்துல எதுவும் கொடுக்கறதில்ல. உனக்கே தெரியும். வாயால கேட்டா வாயால பதில். எழுதிக் கொடுத்தா எப்பவும் நம்ம தலையிலதான் வந்து விடியும்."

"மேல இருக்கறவங்களுக்கு யாரு கொடுக்கச் சொன்னா? எனக்குக் கொடு. நான் கூட்டிக் கழிச்சுக் காட்டறேன். பேர்கூட வராது."

"நீ பிரின் ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து அவ மாதிரியே பேசறே."

"ரினே, சத்தியமாச் சொல்றேன். இது இல்லன்னா வார்டு போயிடும்டி. நாம சும்மா இருக்கோம்னு நினைக்கறாங்க. நாம எங்கல்லாம் ஓடறோம்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

அவள் தாளை மடித்துச் சீருடைப் பையில் வைத்துக்கொண்டாள். "சரி," என்றாள். "ஆனா எழுதினா உள்ளதைத்தான் எழுதுவேன். அப்புறம் இதைக் கூட்டிப் போடு, அதைக் குறைச்சுப் போடுன்னு வராதே."

"உள்ளதைத்தான்டி நான் கேக்கறேன்."

பதினான்கு நாளும் ஆறு பேரும் எழுதினோம். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. மிகைப்படுத்தல் இல்லை, மறைப்பு இல்லை. ரினேயின் தாள் ஒன்று எனக்கு இன்னும் மனப்பாடம். "9.15, பொது வார்டு, திரு. ஆஸ்ட்பியைக் குளிப்பாட்டினேன். 9.30, அதே. 9.45, அதே, அழுதார், உட்கார்ந்திருந்தேன். 10.00, எமர்ஜென்சி, தையல் போட உதவி. 10.15, கர்ப்பிணி ஒருத்தி போனில், கால் வீக்கம். 10.30, முதியோர் பிரிவு." இப்படியே போகும். நான் சமையல் மேஜையில் உட்கார்ந்து அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மாவு உருண்டை போட்ட நெஃப்லா சூப் ஆறிப்போனது. கர்ட் ஒன்றும் சொல்லாமல் அதைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தார்.

மொத்தம் கூட்டினால் எங்கள் உழைப்பில் அறுபத்தொரு சதவீதம் பிரசவ வார்டுக்கு வெளியே. அறுபத்தொன்று! நான் எழுந்து நின்று கைதட்டினேன். பார் கர்ட், நாங்கள் இல்லாவிட்டால் இந்த ஆஸ்பத்திரி ஒரு நாள் தாங்காது என்றேன். வட்டமாக ஒரு படம் போட்டு, பெரிய துண்டுக்கு ஆரஞ்சு நிறம் கொடுத்து, "பிரசவ வார்டு நர்ஸ்கள் ஆஸ்பத்திரி முழுவதற்கும் தரும் உழைப்பு" என்று தலைப்பு வைத்தேன்.

பிரினிடம் காட்டினபோது அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை பேர் எழுதினாங்க?" என்று கேட்டாள்.

"எல்லாரும். எல்லாக் கட்டமும்."

"ரொம்ப நல்ல வேலை ஜோலின்," என்றாள். "ரொம்ப ரொம்ப நல்ல வேலை." அன்று ஏழு மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

நவம்பர் கடைசிச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் அந்த அறைக்குள் போனேன். இருபத்தொரு வருடத்தில் முதல் முறை. தேவாலயத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தேன். மேஜையில் காபியும் பூசணிக்காய் கேக்கும் இருந்தன. போர்டுத் தலைவர் ஆர்வில் லுண்டே, தானியக் கிடங்கு நடத்துபவர், எழுந்து வந்து கை கொடுத்தார். அவருடைய பேத்தி எங்கள் வார்டில் பிறந்தவள்தான்.

பிரின் எழுந்து திரையில் படங்களைக் காட்ட ஆரம்பித்தாள். நாலாவது படம் என்னுடையது. அதே வட்டம், அதே ஆரஞ்சு. தலைப்பு மட்டும் மாறியிருந்தது: "பிரசவ வார்டு: பிரசவத்துக்குத் தேவைப்படாத நேரம், 61 சதவீதம்."

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எண் சரிதான், படம் சரிதான், ஒரு பொய்யும் இல்லை. பிறகு புரிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"இது அப்படி இல்ல," என்றேன், யாரும் கேட்காமலே. "நாங்க சும்மா இல்லன்னு காட்டத்தான் இதை எடுத்தேன். வேற வார்டுல ஆள் இல்ல, அதனால நாங்க போறோம்."

ஆர்வில் தலையாட்டினார். "அதான் ஜோலின், நானும் அதைத்தான் சொல்றேன். இத்தனை நாளா எங்களுக்கு ஒரே பயம், வார்டை மூடினா ஆறு குடும்பத்துக்கு வேலை போகுமேன்னு. இப்ப பாத்தா உங்க ஆளுங்க பாதி நேரத்துக்கு மேல அங்கதான் இருக்காங்க. அதே ஆளு, அதே கை. முழு நேரமும் அங்கயே இருக்கட்டும். யாருக்கு என்ன குறையப்போகுது?"

"பிரசவம் குறையும், ஆர்வில்."

பாதிரியார் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டார்.

"ஊர்ல தீயணைப்பு வண்டி இருக்கே," என்றேன். குரல் எனக்கே பிடிக்காத அளவுக்கு ஏறிவிட்டது. "வருஷத்துல எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு பாத்தா அதை வெச்சிருக்கீங்க?"

"தீயணைப்புக்கு நானும் உன் வீட்டுக்காரனும்தான்மா சம்பளம் இல்லாம போய் நிக்கறோம். டாக்டர் அப்படி வருவாரா?" ஆர்வில் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. "வயித்தைக் கிழிச்சுக் குழந்தை எடுக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு டிசம்பர் பாதியோட போறாரு. ரெண்டு வருஷமா ஆள் தேடறோம். ஒருத்தன் வந்தான், பொண்டாட்டி ஊரைச் சுத்திப் பாத்தா, மறுநாளே கிளம்பிட்டாங்க. என்னை என்ன பண்ணச் சொல்றே?"

இரண்டு வருடம் படித்த படிப்பில் அதற்குப் பதில் எங்கும் இல்லை. டிசம்பர் பாதியோடு மூடுவதற்கு ஏழு கைகள் உயர்ந்தன, வேண்டாம் என்று இரண்டு.

வெளியே நடைபாதையில் பிரினைப் பிடித்து நிறுத்தினேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"மூடணும்னு தெரியும். டாக்டர் இல்லாம வார்டைத் திறந்து வெச்சு ஒருத்தி செத்தா, அது யார் தலையில?" அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "ஆனா போர்டு கை தூக்க மாட்டேன்னாங்க. உங்க ஆறு பேரை நினைச்சுத்தான். உங்க தாளைப் பாத்ததும் அந்தப் பயம் போயிடுச்சு."

"என் தாளைப் பாத்து."

"அது உண்மைதானே ஜோலின்? நான் ஒரு எண்ணைக்கூட மாத்தல."

அவளை அறைந்திருப்பேன். அறையவில்லை. எனக்கு இன்னும் அறுபத்தெட்டு மணி நேரம் பாக்கி இருந்தது, கையெழுத்துப் போட வேறு ஆள் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அது ஞாபகம் வந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். ரினே போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஊரில் செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது.

"நாம எழுதின தாளைக் காட்டித்தான் மூடறாங்களா?" என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமா."

அவள் ஒரு போர்வையை மடித்து முடித்து, இன்னொன்றை எடுத்தாள். "அந்த பிரின் வந்து கேட்டிருந்தா எல்லாக் கட்டத்துலயும் பிரசவம் பிரசவம்னு போட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். மத்தவளுங்களையும் அப்படியே போடச் சொல்லியிருப்பேன். நீ கேட்டே. அதனால உள்ளபடி எழுதினேன்."

"தெரியும் ரினே."

"உனக்கு என்ன தெரியும்?" என்றாள். "போ, உன் ஆபீசுக்குப் போ."

அதற்குப் பிறகு அவள் என்னைத் திட்டவில்லை. நடைபாதையில் எதிரே வந்தால் "குட் மார்னிங் ஜோலின்" என்பாள், இன்றைக்குக் குளிர் ஜாஸ்தி என்பாள். எங்கள் பக்கத்தில் ஒருவரைத் தலை முழுகிவிட்டால் இப்படித்தான் மரியாதையாகப் பேசுவோம். அவள் திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன்.

பல்கலைக்கழகத்தில் என் பேராசிரியர் விட்டேக்கருக்கு எழுதினேன், என் ஆய்வு பாழாகிவிட்டது என்று. அன்றே பதில் போட்டார். ஒரு பிரிவை மூடுவதும் நிர்வாகம்தானாம், இப்படி நேரடி அனுபவம் எல்லா மாணவிக்கும் வாய்க்காதாம், மீதி மணி நேரத்தை மூடும் பணியில் செலவிடலாமாம். பதிவேட்டில் அதற்குத் தனியாக ஒரு வரியே இருந்தது: மாற்றத்தை நடத்தும் திறன்.

"விட்டுடறேன் கர்ட்," என்றேன்.

"விட்டா வார்டு திரும்பி வந்துடுமா?"

"வராது."

"அப்ப முடிச்சுத் தொலை."

முடித்துத் தொலைத்தேன். எந்தக் கட்டில் எங்கே போக வேண்டும், எந்த மருந்தை யாரிடம் ஒப்படைக்க வேண்டும், எந்த நர்ஸ் எந்த வார்டுக்கு என்று பட்டியல் போட்டேன். ரினே முதியோர் பிரிவுக்கு. அவளுக்கு அது பிடிக்காது என்று தெரியும். ஆனால் பதினான்கு நாள் தாளில் அவள் அதிகம் போனது அங்கேதான், அதனால் அங்கேயே போட்டேன். பெண்கள் பழைய எண்ணுக்குப் போன் செய்தால் என்ன பேச வேண்டும் என்று ஒரு வாசகமும் எழுதினேன். பிரின் அதில் இரண்டு சொல்லைத் திருத்தினாள். வார்டின் போனை, பிரின் அறையில் எனக்குப் போட்டிருந்த மேஜைக்கு மாற்றிவிட்டார்கள்.

மூடி நாலாவது நாள் காலை பத்து மணிக்கு அது அடித்தது. வெளியே பனி பக்கவாட்டில் பறந்துகொண்டிருந்தது. பிரின் எதிரே உட்கார்ந்திருந்தாள், நான் வாசகத்தை எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பதற்காக.

"ரினே இருக்காங்களா?" என்றது குரல். டானிக்கா அஷ்யூர். இருபத்தேழு வயது, இது மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் எங்களிடம்தான்.

"டானிக்கா, நான் ஜோலின்."

"அப்பாடா! வலி எடுத்துடுச்சு ஜோலின். எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை. ட்ராய் வண்டியை எடுக்கறான், வந்துடட்டுமா?"

நான் தாளைப் பார்த்து வாசித்தேன். "எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது பிரசவப் பிரிவு இல்லை. தயவுசெய்து மைனாட்டில் உள்ள..."

"என்னது இது, ரேடியோல படிக்கற மாதிரி படிக்கறே? ரினேவைக் கூப்பிடு."

"ரினே முதியோர் பிரிவுல இருக்கா."

"வார்டு மூடினது தெரியும், அதே கட்டடம்தானே? கூப்பிடேன்!"

அவளுக்கு இரண்டாவது பிள்ளை மூன்று மணி நேரத்தில் பிறந்தது எனக்குத் தெரியும். எமர்ஜென்சிக்கு வா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று எமர்ஜென்சியில் இருந்த டாக்டர் பத்து வருடமாகப் பிரசவம் பார்த்ததில்லை, பிரசவத்துக்கென்று வைத்திருந்த ரத்தப் பையெல்லாம் முந்தின நாள்தான் பெட்டியில் வைத்து மைனாட்டுக்குப் போயிருந்தது. அனுப்பியது நான்தான், பட்டியல் என்னுடையது. இங்கே வந்து ரத்தம் போனால் என்ன செய்வேன்? வழியில் போனால் என்ன செய்வேன்? இரண்டு பக்கமும் யோசித்தேன், இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. பிரின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மைனாட்டுக்குப் போயிடும்மா," என்றேன். "இப்பவே கிளம்பு செல்லம். வழியில தாங்கலன்னா ஆம்புலன்ஸுக்கு நயன் ஒன் ஒன் அடி."

"நீங்கல்லாம் அங்கதானே இருக்கீங்க," என்றாள், கோபமாகக்கூட இல்லை, புரியாமல். பிறகு வைத்துவிட்டாள்.

ஐம்பத்திரண்டாவது மைலில், சாலையோரம் பிக்கப் வண்டியின் முன் சீட்டில் பிறந்தது. பெண் குழந்தை, குழந்தைக்கு ஒன்றும் இல்லை. டானிக்காவுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் பனியில் வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. மைனாட்டில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், கருப்பையை எடுத்துவிட்டார்கள். நான் அவள் வீட்டுக்குப் போனேன், அவள் புருஷன் ட்ராய் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலில் திரை அசைந்தது மட்டும் தெரிந்தது. அவர்கள் சாப்பிடட்டும் என்று சமைத்துக் கொண்டுபோன ஹாட்டிஷ் பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

அன்றைய பதிவேட்டில் "தொலைபேசி வழிகாட்டுதல், நடைமுறைச் சோதனை, ஒரு மணி நேரம்" என்று எழுதினேன். பிரின் படித்தாள். ரொம்ப நேரம் பேனாவைத் திறக்காமல் வைத்திருந்தாள், பிறகு கையெழுத்துப் போட்டாள். அதோடு இருநூறும் முடிந்தது.

மறு வாரம் லேப்டாப்பில் கடைசி வகுப்பு. திரையில் பதினாறு சதுரத்தில் பதினாறு முகம், ஃபீனிக்ஸிலிருந்து ஒருத்தி, டாம்பாவிலிருந்து ஒருத்தி, எல்லாரும் பெரிய ஆஸ்பத்திரிக்காரிகள். நான் என் ஆய்வைச் சொன்னேன். தாள், கட்டம், அறுபத்தொன்று, போர்டு, மூடியது எல்லாம் சொன்னேன். டானிக்காவைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். பன்னிரண்டு நிமிடம்தான் ஒருவருக்கு, முடிந்துவிட்டது. நான் அழுதுகொண்டிருந்தேனா என்று தெரியாது. கேமராவில் வெளிச்சம் போதவில்லை, யாருக்கும் தெரிந்திருக்காது.

பேராசிரியர் விட்டேக்கர் கைதட்டினார். "ஒரு எண்ணம் முடிவாகி, முடிவு செயலாகி, ஒரே பருவத்துல நடந்திருக்கு. அருமை. கேள்வி இருக்கா?"

டாம்பாக்காரி கையைத் தூக்கினாள். நல்ல பெண், ஆர்வமான முகம். "எனக்கு ஒண்ணு புரியல. நானும் இதே ஆய்வுதான் எடுத்தேன். எங்க நர்ஸ்ல நூத்துக்கு முப்பது பேர்கூடத் தாளைத் திருப்பிக் கொடுக்கல. கொடுத்தவங்களும் சும்மா கிறுக்கினாங்க. உங்களுக்கு மட்டும் எப்படி எல்லாரும், எல்லாக் கட்டத்தையும், உண்மையா எழுதிக் கொடுத்தாங்க?"

என்ன சொல்வது என்று யோசிக்க எனக்கு நேரம் வேண்டியிருக்கவில்லை.

"அவங்க என்னை நம்பினாங்க," என்றேன்.

"பாத்தீங்களா?" என்றார் பேராசிரியர். "இதான் முக்கியம். எல்லாரும் குறிச்சுக்கங்க. முதல்ல நம்பிக்கையைச் சம்பாதிக்கணும், அப்புறம்தான் தாளைக் கொடுக்கணும்."

திரையில் இருந்த அத்தனை பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.